எபிடியூரல் மருந்தோடு அமைதியூட்டியைச் சேர்ப்பது: கால் அறுவைகளில் எப்போது, எந்த வழியில்?

மயக்கவியல் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயக்கவியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இடுப்புக்குக் கீழே நடக்கும் எலும்பு அறுவைகளில், எபிடியூரல் வழியாக, அதாவது தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில், மரப்பு மருந்து கொடுக்கும்போது அமைதியூட்டும் மருந்தையும் சேர்ப்பது பற்றி எனக்கு நெடுநாளாகத் தெளிவில்லை. எனக்குக் கற்பிக்கும் மூத்தவர்கள் மூவரும் மூன்று விதமாகச் செய்கிறார்கள். ஒருவர் 0.75 சதவீத ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து 15 மி.லி.யோடு, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்ற கணக்கில் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதியூட்டியைக் கலந்து எபிடியூரல் குழாய் வழியாகவே செலுத்துகிறார். இன்னொருவர் எபிடியூரலில் மரப்பு மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு, மிடாசோலம் என்ற அமைதியூட்டி 1 மி.கி.யைச் சிரைவழி கொடுக்கிறார். மூன்றாமவர் எதுவுமே கொடுப்பதில்லை. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். மூவரின் நோயாளிகளும் நலமாகவே வார்டுக்குத் திரும்புகிறார்கள் என்பதால், எது மேல் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியவில்லை.

சென்ற வாரம் நடந்த ஒன்றுதான் இதை எழுதத் தூண்டியது. 68 வயது அம்மா, 60 கிலோ எடை, முழங்கால் மூட்டு மாற்று. முதலாமவரின் முறைப்படி 60 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடின் எபிடியூரலில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 35 நிமிடம் கழித்து நாடித்துடிப்பு 44க்கும் மேல் ரத்த அழுத்தம் 84க்கும் இறங்கின. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், தோளைத் தொட்டு அழைத்ததும் கண் திறந்து பதில் சொன்னார். நாடியை உயர்த்த அட்ரோபின் 0.6 மி.கி.யும் அழுத்தத்தை உயர்த்த எபெட்ரின் 6 மி.கி.யும் கொடுத்தோம், சரியாகிவிட்டது. ஆனால் அது எபிடியூரலால் வந்த இறக்கமா, சேர்த்த மருந்தால் வந்ததா என்று கேட்டபோது எவராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இங்குள்ள பெரியவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

இருபதாண்டு மயக்கவியல் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. ஆனால் நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால்தான் முடிச்சு அவிழவில்லை என்று நினைக்கிறேன்.

முதலாவது, மரப்பு மருந்தின் வேலையைக் கூட்டுவதற்காக எபிடியூரல் இடைவெளிக்குள்ளேயே ஒரு துணை மருந்தைச் சேர்ப்பது. இரண்டாவது, விழித்திருக்கும் மனிதரின் பதற்றத்தையும் கிடப்பின் வேதனையையும் தணிப்பதற்காகச் சிரைவழி மருந்து கொடுப்பது. டெக்ஸ்மெடிடோமிடின் இரண்டு வேலைகளையும் செய்யும் என்பதால் இந்த எல்லைக்கோடு அழிந்துவிட்டது. எபிடியூரலில் போட்டால் தண்டுவடத்தின் பின்கொம்பில் இருக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகளைப் பிடித்து வலிச் செய்தி மேலேறுவதைத் தடுக்கிறது; கொழுப்பில் எளிதில் கரையும் பொருளாகையால் அங்கிருந்து ரத்தத்துக்குள்ளும் நுழைந்து, மூளைத்தண்டில் உள்ள லோக்கஸ் செருலியஸ் என்ற சிறு நரம்பணுக் கூட்டத்தை அடக்கித் தூக்கத்தையும் தருகிறது. குளோனிடினும் இதே குடும்பம்தான். ஆல்ஃபா-2 ஏற்பியை ஆல்ஃபா-1ஐ விட எத்தனை மடங்கு விரும்பும் என்று பார்த்தால், குளோனிடினுக்கு ஏறத்தாழ 220 மடங்கு, டெக்ஸ்மெடிடோமிடினுக்கு ஏறத்தாழ 1,620 மடங்கு.

உங்கள் நோயாளிக்கு நடந்தது இரண்டும் சேர்ந்ததன் விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. எபிடியூரல் தன்பங்குக்கு, ரத்தநாளங்களையும் நாடியையும் முறுக்கேற்றும் பரிவு நரம்புகளை மரக்கச் செய்து கால்களின் சிரைகளில் ரத்தத்தைத் தேக்கி வைக்கிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் உடல் தானாகச் செய்ய வேண்டியது, பரிவு நரம்பின் முறுக்கைக் கூட்டி நாடியை உயர்த்துவது. டெக்ஸ்மெடிடோமிடின் அந்த முறுக்கையே மேலிருந்து தளர்த்திவிடுகிறது. ஒன்று கீழே பள்ளம் பறிக்கிறது, மற்றது ஏறிவர இருக்கும் ஏணியை எடுத்துவிடுகிறது. 35 நிமிடம் என்ற நேரமும் இதற்குப் பொருந்துகிறது. மரப்பு முழுமையாக ஏறி முடிவதும், எபிடியூரலிலிருந்து ரத்தத்துக்குச் சேர்ந்த மருந்து தன் வேலையைக் காட்டுவதும் அந்தக் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எபிடியூரல் தானே ஓர் அமைதியூட்டி. உடலின் கீழ்ப்பாதியிலிருந்து மூளைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும் செய்திகள் நின்றுவிடுவதால் விழிப்பின் மட்டமே தாழ்ந்துவிடுகிறது. 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில், லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தை எபிடியூரலில் பெற்றவர்களுக்கு மயக்கத்துக்குத் தேவைப்பட்ட செவோஃப்ளூரேன் மயக்க வாயுவின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே, எபிடியூரல் இல்லாத நோயாளிக்குப் பழகிய அளவை எபிடியூரல் ஏறிய நோயாளிக்கு அப்படியே கொடுப்பது சரியன்று. மரப்பு நிலைகொண்ட பிறகு பலர் தாமாகவே கண் அயர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு மேலும் மருந்து எதற்கு?

இரவுப்பணி எழுதியது:

மேலே எழுதியவரின் அனுபவத்தின் மீது மதிப்பு வைத்தே சற்று மாறுபடுகிறேன். எபிடியூரலில் டெக்ஸ்மெடிடோமிடினைச் சேர்ப்பதன் பயனை அவர் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டார்.

கால் அறுவையில் நம்மைச் சோதிப்பது வெட்டும் இடத்து வலி அன்று, ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய டூர்னிகே பட்டை தரும் வலி. கட்டி 45 நிமிடம், ஒரு மணி நேரம் ஆனதும், வெட்டும் இடம் முற்றிலும் மரத்திருக்கும்போதே, நோயாளி காலை அசைக்கத் தொடங்குவார். எங்கே வலிக்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. நாடியும் அழுத்தமும் மெல்ல ஏறும். சி-நார்கள் எனும் மெல்லிய நரம்பிழைகள் வழியாக வரும் இந்த வலி, மரப்பு மருந்தின் செறிவு இறங்கத் தொடங்கும்போது முதலில் தலைதூக்குகிறது. அந்த நேரத்தில் சிரைவழி வலிநீக்கி ஃபென்டனில், மிடாசோலம், தூக்க மருந்து புரோபோஃபால் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் மூச்சுக்குழல் பாதை அடைத்து, துணிக்கு அடியில் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் உள்ள கனத்த உடலினருக்கு இது நேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆல்ஃபா-2 மருந்தை முன்கூட்டியே எபிடியூரலில் சேர்த்தவர்களிடம் எனக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. மரப்பு விரைவாக ஏறுகிறது, நீண்ட நேரம் நிற்கிறது, நடுக்கம் குறைகிறது, மூச்சின் வேகம் பெரிதாகத் தாழ்வதில்லை, அபினி வகை வலிநீக்கிகளான ஓபியாயிடுகள் தரும் அரிப்பும் குமட்டலும் இல்லை. ஒப்பீட்டு ஆய்வுகள் பலவும் இதையே காட்டுகின்றன. நாடி இறங்கும்தான், அதற்கு அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அடைபட்ட மூச்சுப்பாதைக்கு ஊசி மருந்து கிடையாது.

இருபதாண்டு மயக்கவியல் எழுதியது:

டூர்னிகே வலி பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அதை நான் சொல்லாமல் விட்டது என் தவறு. மூச்சுப்பாதை பற்றிய உங்கள் கவலையும் நியாயமானது.

என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. சிரையில் சொட்டாகப் போகும் மருந்தை நிறுத்த வேண்டுமென்றால் பம்பை நிறுத்திவிடலாம். எபிடியூரலில் 60 மைக்ரோகிராமை ஒரே தள்ளலில் செலுத்திய பிறகு நான் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே. அதை மனிதருக்கு முறிக்க நம்மிடம் மாற்று மருந்தும் இல்லை. அடிபமெசோல் கால்நடை மருத்துவத்தில்தான் இருக்கிறது. டெக்ஸ்மெடிடோமிடின் உடலில் பாதியாகக் குறையும் நேரமான அரை-ஆயுள் ஏறத்தாழ 2 மணி நேரம் என்பதால், அறுவை 50 நிமிடத்தில் முடிந்தாலும் மருந்தின் வேலை முடிந்திருக்காது. குளோனிடின் இன்னும் நீளமாக நிற்கும்.

அதோடு, சிரைவழி கொடுத்த டெக்ஸ்மெடிடோமிடினும் தண்டுவட மரப்பை (தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் மருந்து செலுத்துவது) நீட்டிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எபிடியூரலில் போடுவதால் மட்டுமே கிடைக்கும் கூடுதல் பயன் எவ்வளவு என்று கேட்டால், நம் கையில் இருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. பல, வெறும் மரப்பு மருந்தோடுதான் ஒப்பிட்டிருக்கின்றன. சிரைவழி அதே அளவு பெற்ற குழுவை எதிரே நிறுத்தாமல், 'எபிடியூரலில் போட்டதால் நீண்டது' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

சட்டபூர்வமான நிலையையும் மாணவி தெரிந்திருக்க வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கும், 2008இல் மூச்சுக்குழல் பொருத்தாத நோயாளிகளின் சிகிச்சை நேரங்களுக்கும் அனுமதித்தது. இரண்டுமே சிரைவழிப் பயன்பாடுகள். எபிடியூரலில் அது பெயர்ச்சீட்டுக்கு வெளியேயான, அதாவது அனுமதி பெற்றவற்றில் சேராத பயன்பாடு. எபிடியூரல் குளோனிடினுக்கு 1996இல் அனுமதி கிடைத்தது, ஆனால் கடுமையான புற்றுநோய் வலிக்காக. பேறுகால, அறுவைகால வலிக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று, ரத்த அழுத்தம் நிலையற்றுப் போகும் அபாயத்தைக் காரணம் காட்டி, கட்டம் கட்டிய எச்சரிக்கையே அதன் சீட்டில் இருக்கிறது. இதைச் சொல்வதால் ஒருவரும் பயன்படுத்தக் கூடாது என்று பொருளில்லை. பயன்படுத்துகிறவர் இதை அறிந்து, நோயாளிக்கும் சொல்லி, பதிந்து வைத்துச் செய்ய வேண்டும்.

மருந்தாளுநர் எழுதியது:

குப்பியைக் கையாளுகிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எபிடியூரலுக்குள் போகும் எதிலும் பதப்படுத்தும் வேதிப்பொருள் இருக்கக் கூடாது. மிடாசோலம் குப்பிகள் பலவற்றில் பென்சைல் ஆல்கஹால் இருக்கிறது. அது நரம்புத் திசுவுக்கு ஊறு செய்யக்கூடியது. சிரைக்குப் பாதுகாப்பான குப்பி தண்டுவடத்துக்கு அருகிலும் பாதுகாப்பானது என்று எண்ணிக் குழாயில் ஏற்றிவிடும் பழக்கம் எங்கேனும் இருந்தால் உடனே நிறுத்தப்பட வேண்டும். கெட்டமினுக்கும் இதே எச்சரிக்கை. மிடாசோலம் அமிலத் தன்மையுள்ள கரைசல் என்பதால், பைகார்பனேட் சேர்த்த மரப்பு மருந்தோடு கலந்தால் கலங்கிப் படியவும் செய்யும்.

டெக்ஸ்மெடிடோமிடின் குப்பிகள் பொதுவாகப் பதப்பொருள் இல்லாதவை. ஆனாலும் ஒவ்வொரு தயாரிப்பின் சீட்டையும் படித்த பிறகே சொல்ல வேண்டும். பதப்பொருள் இல்லை என்பதாலேயே நரம்புக்கு முற்றிலும் தீங்கற்றது என்று ஆகிவிடாது. 2008இல் முயல்களில் நடந்த ஆய்வு ஒன்றில், எபிடியூரலில் கொடுக்கப்பட்ட டெக்ஸ்மெடிடோமிடின் தண்டுவட வெண்பொருளில் நரம்புறைச் சிதைவைக் காட்டியது. விலங்கில் கண்டது மனிதரில் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதரில் பரவலாகப் பயன்படுத்தியும் அத்தகைய பெருந்தீங்கு வெளிப்படவில்லை என்பதும் உண்மையே. இருந்தாலும் அளவையும் செறிவையும் விருப்பம்போல் கூட்டக் கூடாது என்பதற்கு அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

அளவெடுப்பதைப் பற்றி. குப்பியில் 1 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் இருக்கிறது. 60 மைக்ரோகிராம் என்றால் 0.6 மி.லி. இதை 5 மி.லி. சிரிஞ்சில் கண்ணளவில் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிஞ்சின் அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே 0.2 மி.லி., அதாவது 20 மைக்ரோகிராம் இருக்கிறது. ஊசியின் கழுத்தில் தங்கும் துளியும் கணக்கில் வராமல் உள்ளே போய்விடும். 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, ஒருவர் இழுக்க மற்றொருவர் எண்ணை வாய்விட்டுப் படித்து, அதன் பிறகே மரப்பு மருந்தோடு கலப்பது நல்லது. 0.6க்குப் பதில் 6 என்று காதில் விழுந்து பத்து மடங்காகும் பிழைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எலும்பு அறுவை மருத்துவர் எழுதியது:

மறுபக்கத்தில் நிற்பவனாகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு வேண்டியது அசையாத கால், பதறாத நோயாளி. அரைத்தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, நுண்ணுயிர் நீக்கிய துணிக்குள் கையை நீட்டுபவரை விட, முழு விழிப்பில் அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பவர் எனக்கு எவ்வளவோ மேல். குறைவாகக் கொடுத்த அமைதியூட்டியை விடத் தவறான நேரத்தில் கொடுத்ததே எங்களை அதிகம் துன்புறுத்தியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். கீழ்க்கால் எலும்பு முறிவுக்குக் கம்பி பொருத்தும் நாளில், மரப்பை நீட்டிக்கும் மருந்தைச் சேர்ப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தசையறைகளுக்குள் அழுத்தம் ஏறினால், காயத்துக்குப் பொருந்தாத அளவு மிகுந்த வலியும், கால் விரலை நீட்டும்போது வரும் வலியும்தான் எங்களுக்கு முதல் அறிவிப்பு. நள்ளிரவு வரை கால் முழுவதும் மரத்தும், நோயாளி தூக்கத்திலும் இருந்தால் அந்த அறிவிப்பு எங்களை வந்து சேராது. தசையைக் காப்பாற்ற எங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம் மட்டுமே. முழங்கால் மாற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும். அன்று மாலையே எழுந்து நிற்க வைக்க விரும்புகிறோம், மரத்த தொடையோடு நிற்க வைத்தால் விழுந்துவிடுவார்கள்.

நோயாளியின் மகன் எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். தேடிக்கொண்டிருந்தபோது இந்த விவாதம் கண்ணில் பட்டது. என் தந்தைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் முழங்கால் மாற்று நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்போம், அதன்பின் தூங்க வைத்துவிடுவோம், ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு எல்லாம் தெரிந்தது. எலும்பை அறுக்கும் வாளின் ஒலியும், சுத்தியலால் அடிக்கும் ஓசையும், ஒவ்வோர் அடிக்கும் மேசையோடு சேர்த்துத் தன் உடல் குலுங்கியதும் தெரிந்தது. வலி சிறிதும் இல்லை என்றே அவர் சொன்னார். ஆனால், மயக்க மருந்து தனக்கு ஏறவில்லை, ஏதோ தவறாகிவிட்டது, அடுத்து வலிக்கத் தொடங்கும் என்ற அச்சத்திலேயே அந்த ஒன்றரை மணி நேரத்தையும் கழித்திருக்கிறார். வாய்திறந்து கேட்கவும் பயந்திருக்கிறார். வெகுநாள் வரை பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று நான் எழுதப்போவதில்லை. அவர்கள் திறமையானவர்கள், முழங்கால் இன்றும் நன்றாக இருக்கிறது. மருந்தைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காதா என்று மட்டும் கேட்க விரும்புகிறேன்.

இருபதாண்டு மயக்கவியல் எழுதியது:

ஐயா, உங்கள் தந்தை அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தனியாகக் கழிக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன். நீங்கள் இதை இங்கே எழுதியது நல்லது. எங்களில் பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று இதில் இருக்கிறது.

மருந்தைக் கூட்டியிருந்தால் ஒருவேளை நினைவில் நிற்காமல் போயிருக்கலாம். ஆனால் அவரைத் துன்புறுத்தியது, கேட்ட ஒலியை விட, கேட்கக் கூடாத ஒலி கேட்டுவிட்டது என்ற எண்ணம் என்றே எனக்குப் படுகிறது. பிரிட்டனில் 2014இல் வெளியான ஐந்தாம் தேசியத் தணிக்கை, மயக்கத்தில் நினைவு திரும்பியதாக வந்த முறையீடுகளைத் தொகுத்தபோது, அவற்றில் ஒரு பகுதி முழு மயக்கமே பெறாத, அமைதியூட்டி மட்டும் பெற்றவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்குத் தரப்பட்டது இன்னதென்று முன்பே ஒழுங்காக விளக்கப்படவில்லை என்பதையே அந்தத் தணிக்கை பெரிய காரணமாகச் சுட்டியது.

'தூங்க வைத்துவிடுவோம்' என்ற சொல்லை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவதில்லை. 'கால்கள் முழுதாக மரத்திருக்கும். உங்களுக்குக் கண் சொக்கும். இடையிடையே விழிப்பு வரும், ஒலி கேட்கும், மேசை அசையும், அது இயல்புதான். வலித்தாலோ பயமாக இருந்தாலோ என்னிடம் சொல்லுங்கள், நான் உங்கள் தலைமாட்டிலேயே இருப்பேன்' என்று முந்தின நாளே சொல்கிறேன். வாள் எடுக்கும் முன் மறுபடியும் சொல்கிறேன். காதில் இசைக்கருவி பொருத்திக்கொள்ள விரும்புவோருக்குப் பொருத்துகிறோம். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் பதறுகிறவருக்கு மருந்து கொடுக்க நான் ஒருபோதும் தயங்குவதில்லை. டெக்ஸ்மெடிடோமிடினில் நினைவழிப்பு குறைவு, மிடாசோலத்திலும் புரோபோஃபாலிலும் அதிகம் என்பதையும், தேர்ந்தெடுக்கும்போது நோயாளி எதை விரும்புகிறார் என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதியோர் மருத்துவர் எழுதியது:

நினைவழிப்பு என்ற சொல் வந்ததால் என் பங்கைச் சொல்கிறேன். அறுவை முடிந்த இரவில் மகளை அடையாளம் தெரியாமல் தவிக்கும் முதியவர்களை வார்டில் பார்ப்பவன் நான்.

2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், இடுப்பு எலும்பு முறிவுக்குத் தண்டுவட மரப்பில் அறுவை செய்துகொண்ட 114 முதியவர்களில், ஆழமான புரோபோஃபால் பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கும், மிதமாகப் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் மனக்குழப்பம் வந்தது. அதே குழுவினர் 200 பேரிடம் செய்து 2018இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் இந்த வேறுபாடு மொத்தத்தில் நிலைக்கவில்லை. 39க்கு 34 என்றே வந்தது. ஆனால் வேறு நோய்கள் ஏதும் இல்லாதவர்களைத் தனியே பார்த்தபோது, ஆழமான தூக்கம் பெற்றோருக்கு அபாயம் இரு மடங்காக இருந்தது. 2022இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வில், அமைதியூட்டியே இல்லாத தண்டுவட, எபிடியூரல் மரப்பையும் முழு மயக்கத்தையும் ஒப்பிட்டார்கள். 65 வயதைக் கடந்த 950 பேரில் மனக்குழப்பம் 6.2 சதவீதமும் 5.1 சதவீதமுமாக, பெரிய வேறுபாடின்றி இருந்தது.

இவற்றைப் படித்துவிட்டு ஆழமான தூக்கம்தான் குழப்பத்துக்குக் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் முதியவருக்கு ஆழமாகக் கொடுத்ததால் ஏதேனும் நன்மை விளைந்ததாகவும் இவற்றில் எதுவும் காட்டவில்லை. மிடாசோலம் சேர்ந்த குடும்பமான பென்சோடயசெபைன்களை முதியோருக்கு இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது முதியோர் மருந்துப் பரிந்துரைகளில் நெடுங்காலமாக இருப்பது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அரை மி.கி. கொடுத்து, குறைந்தது இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசியுங்கள். கண்ணாடியையும் செவிக்கருவியையும் அறுவை அரங்குக்குள் அனுமதியுங்கள். காது கேட்காத முதியவரைப் பதற்றக்காரர் என்று எண்ணி மருந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மயக்கவியல் மாணவி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். பதற்றமுள்ளவருக்கு, முதுகில் ஊசி குத்துவதற்கு முன்பே அமைதியூட்டியைக் கொடுத்துவிடலாமா? அந்த ஊசிக்குத்தான் அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

சிறிதளவு கொடுக்கலாம், பேச்சு நிற்காத அளவுக்கு மட்டும். எபிடியூரல் போடும் டூஹி ஊசி நரம்பு வேரைத் தொட்டால் காலில் மின்னல்போல் பாய்வதைச் சொல்ல நோயாளி விழித்திருக்க வேண்டும். சோதனை அளவாக 1.5 சதவீத லிடோகெய்ன் 3 மி.லி.யை அட்ரினலினோடு கொடுக்கும்போது, காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு என்று முதலில் சொல்லப்போவதும் அவர்தான். மருந்து தவறுதலாக ரத்தநாளத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதன் அறிகுறிகள் அவை. மிடாசோலம் நிறையக் கொடுத்துவிட்டால் இவற்றைச் சொல்ல ஆளிருக்காது. வலிப்பையும் அது அடக்கிவிடுவதால் இதயம் தடுமாறுவதே முதல் அறிகுறியாக வந்துவிடலாம். அந்த நச்சுக்குச் சிகிச்சையான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அரங்கில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எபிடியூரல் போடும் ஒவ்வொரு நாளும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் முன்பு சொன்னதற்கும் ஒன்று. சிரைவழி ஒப்பீடு இல்லாத ஆய்வுகளை நம்பி நான் அதிகம் பேசிவிட்டேன் என்பதை ஏற்கிறேன். டூர்னிகே நேரம் நீளும், மூச்சுப்பாதை கடினம், இதயத்தில் மின்கடத்தல் தடை இல்லை, நாடியைக் குறைக்கும் பீட்டா தடுப்பி உட்கொள்ளவில்லை என்ற நிலையில் எபிடியூரலில் சேர்ப்பதை நான் விடப்போவதில்லை. எல்லோருக்கும் வழக்கமாகச் சேர்ப்பதை மறுபரிசீலனை செய்வேன்.

மீட்பறைச் செவிலியர் எழுதியது:

இத்தனை பேர் எழுதியதில் மீட்பறை என்ற சொல்லே வரவில்லை. நீங்கள் கொடுத்த மருந்தின் பின்பாதியை நாங்கள்தான் பார்க்கிறோம்.

எபிடியூரலில் டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்கள் அமைதியாகத் தூங்குவார்கள், ஆக்சிஜன் அளவு 99 என்று திரையில் காட்டும். முகமூடியில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த 99ஐ நான் நம்புவதில்லை. மூச்சு குறைந்து நெடுநேரம் கழித்தே அது இறங்கும். வெளிமூச்சின் கரியமில வாயு அலையைத் திரையில் காண வேண்டும். அது இல்லாத இடத்தில் மார்பு ஏறி இறங்குவதை என் கையை வைத்தே எண்ணுகிறேன். தண்டுவட மரப்பின்போது திடீரென இதயம் நின்றுபோன 14 பேரைப் பற்றி 1988இல் வெளியான ஆய்வை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். நிம்மதியாகத் தூங்குவதுபோல் தோன்றும், தானாகப் பேசாத நிலைக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்ததை அதில் ஒரு காரணமாகக் குறித்திருந்தார்கள். 'நிம்மதியாகத் தூங்குகிறார்' என்று எவரேனும் ஒப்படைக்கும்போது, நான் முதலில் பெயர் சொல்லி எழுப்பிப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

அடுத்தது கால் அசைவு. மரப்பை நீட்டிக்கும் மருந்து சேர்த்தீர்கள் என்று எங்களிடம் சொல்லாவிட்டால், ஐந்து மணி நேரமாகியும் கால் அசையாதபோது நாங்கள் என்ன நினைப்பது? மருந்தின் நீட்சியா, தண்டுவடத்தை அழுத்தும் ரத்தக்கட்டியா? ரத்தக்கட்டி என்றால் 8 மணி நேரத்துக்குள் அகற்றினால்தான் கால் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கும். 'இன்னும் மரப்பு இறங்கவில்லை போலிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே அந்த நேரத்தை இழந்துவிட முடியும். ஆகவே மணிக்கொரு முறை, கால் அசைவை மதிப்பிடும் புரோமேஜ் அளவை எழுதுகிறோம். ஒருமுறை அசைந்த கால் மறுபடி அசையாமல் போனால் எந்த நேரமானாலும் உங்களை எழுப்புவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சாபரின் போடும் நோயாளி என்றால், குழாயை எடுத்த நேரமும் அடுத்த ஊசியின் நேரமும் தாளில் இருக்க வேண்டும், குறைந்தது 4 மணி நேர இடைவெளியோடு.

மயக்கவியல் மாணவி எழுதியது:

இன்று மீண்டும் ஒரு முழங்கால் மாற்று. 71 வயது ஐயா, பீட்டா தடுப்பி மாத்திரை எடுப்பவர், நாடி 58. எபிடியூரலில் மரப்பு மருந்தை மட்டும், சிறு சிறு அளவாகக் கொடுக்கலாமா என்று என் மூத்தவரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். நேற்று மாலையே வார்டுக்குச் சென்று, வாளின் ஒலியும் சுத்தியலின் அடியும் கேட்கும் என்பதைச் சொல்லியிருந்தேன். மரப்பு ஏறியதும் அவராகவே பத்து நிமிடம் கண்ணயர்ந்தார். வாள் தொடங்கியதும் விழித்து, 'நீ சொன்ன சத்தம் இதுதானா, அம்மா?' என்று கேட்டார். ஆம் என்றேன். தலையசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். டூர்னிகே கட்டி 70 நிமிடத்தில் இடுப்பை நெளித்தபோது, எபிடியூரல் குழாயில் மரப்பு மருந்து 5 மி.லி. மேலும் கொடுத்தோம், அடங்கிவிட்டது. சிரைவழியாகவும் எதுவும் தேவைப்படவில்லை.

ஒப்படைப்புத் தாளில் 'எபிடியூரலில் துணை மருந்து: இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். மீட்பறைச் செவிலியர் அந்த வரியைப் படித்துவிட்டு, அதனடியில் நேரத்தையும் குறிக்கச் சொன்னார். குறித்தேன்.